பட்டினி கிடந்தவனின் நாடி

பட்டினி கிடப்பவனின் நாடி நாளாக ஆகத் தளர வேண்டும். அப்பாதுரையின் நாடியோ வலுத்துக்கொண்டே வந்தது.

பெங்களூரில் ஒரு சிறையில் நர்ஸாக இருந்த பவுலினுக்கு அதுதான் உறுத்தியது. விசாரணைக் கைதியான அப்பாதுரை சோற்றைத் தொட்டுப் பல நாளாகிறது. அவனுடைய தனிக்கொட்டடியின் இரும்புக் கதவில் சாப்பாட்டுத் தட்டு நுழையுமளவுக்கு ஒரு திறப்பு உண்டு. அதன் வழியே கையை நீட்டச் சொல்லித்தான் நாடி பார்ப்பாள். நாடி விழுந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். தவறவிட்டு அவன் செத்துப்போனால் பழி அவள்மேல்.

அன்று சாயங்காலம் படியேறி மேலே வருவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. வார்டர் கோதண்டராமன் சிரித்தார்.

"ஏன் சிஸ்டர், உண்ணாவிரதம் அவனா, நீங்களா? முகம் சுண்ணாம்பாட்டம் வெளுத்துக் கெடக்கு."

"மூணு வேளையும் தின்றேண்ணா. ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது."

"அவனப் பாருங்க. மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையாட்டம் கன்னம் மினுமினுங்குது!" சாவிக்கொத்தைக் குலுக்கியபடி கீழே இறங்கிப் போனார்.

வெளியே மழை சரம் சரமாக ஊற்ற, பினாயிலும் ஈரக் கம்பளியும் துருவும் கலந்த வாடை நடைவழி முழுக்கத் தேங்கிநிற்க, திறப்பின் இருட்டிலிருந்து அந்தக் கை மெதுவாக வெளியே வந்தது. கொழுகொழுவென்றிருந்தது. அவள் மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்தாள்.

கீழே எங்கோ கதவு அறைந்து சாத்திக்கொண்டது. அவள் நெஞ்சு திடுக்கிட்டது. அதே கணம் விரலடியிலும் நாடி துள்ளியது.

கட்டைவிரல் பட்டுவிட்டதோ? கட்டைவிரலிலும் நாடி அழுத்தமாகவே ஓடும். அதை வைத்துப் பார்த்தால் தன் துடிப்பையே நோயாளியின் துடிப்பென்று எண்ணிவிடுவோம். பயிற்சிக்கு வரும் பெண்கள் எல்லோரும் செய்கிற தப்பு. குனிந்து பார்த்தாள்.

கட்டைவிரல் தனியே விலகித்தான் இருந்தது.

வேண்டுமென்றே இருமிப் பார்த்தாள். அவள் இதயம் ஒரு துடிப்புத் தவறியது.

விரலடியிலும் தவறியது.

"சிஸ்டர்," உள்ளிருந்து குரல் கெஞ்சியது. "இன்னும் கொஞ்சம் புடிச்சுக்கங்க. பசி அடங்கல."

கையை உதறிக்கொண்டாள். தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. இன்னும் அழுத்தினாள். கழுத்தில் தேடினாள்.

ஒன்றுமில்லை.

அண்ணா என்று கூப்பிட வாயைத் திறந்தாள். மூச்சு வரவில்லை.

திறப்பில் அந்தக் கை மல்லாந்து நீண்டிருந்தது. அதன் நரம்பு புடைத்து, அவளுடைய பயத்தின் வேகத்தில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.