பிரம்பைக் கீழே போடாதவள்

உரலில் உலக்கை விழும் சத்தமே சரியில்லை. நெல் குத்தும் கனத்த சத்தம் இல்லை அது, சருகை மிதிப்பது போல இருந்தது. யேமா குனிந்து அள்ளிப் பார்த்தாள். அத்தனையும் பதர். அறுக்கும்போது கதிரெல்லாம் முற்றித் தலைசாய்ந்துதான் நின்றன.

"உன் வயித்த மாதிரியே உன் நெல்லும் பதருதானா அக்கா? உன் நோமோலி தூங்குது போல. எழுப்பி நாலு சாத்து சாத்து."

பக்கத்து வயல் குடிசையிலிருந்து சக்களத்தி பைந்து சிரித்தாள். நிறைமாதம். சிரிப்போடு வயிறும் குலுங்கியது.

யேமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையில்லாதவள் என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு காது மரத்துப்போயிருந்தது. இந்த விளைச்சலும் போனால் புருஷன் இவள் வயலையும் பைந்துவுக்கே கொடுத்துவிடுவான்.

வயலோரத்தில், சின்ன ஓலைக்கூரைக்குக் கீழே நோமோலி குந்தியிருந்தது. களை கொத்தும்போது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த மாவுக்கல் உருவம். பிதுங்கிய கண், பரந்த மூக்கு. செதுக்கியவர் யாரென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. சோறு வைத்துப் பிரம்பால் அடித்தால் அடுத்தவர் நெல்லைத் திருடிவந்து தரும். நெல் வந்ததும் பிரம்பைக் கீழே போட்டுவிட வேண்டும். அதற்குமேல் யாரும் அடித்ததில்லை.

சோற்றில் பனையெண்ணெய் ஊற்றி வைத்தாள். அடித்தாள்.

"தின்னத் தெரியுதில்ல? போ, அவ நெல்லக் கொண்டா."

விடிந்தபோது கூடை நிறைய நெல் இருந்தது. பைந்துவின் அடுப்புப் புகை அதில் மணத்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பு காதைவிட்டுப் போகவில்லை. கல்லுக்கு வலிக்க வேண்டும், அவளுக்கும் வலிக்க வேண்டும் என்று மறுபடி பிரம்பை எடுத்தாள்.

அடுத்த விடியலில் கூடைக்குள் கண் திறக்காத கோழிக்குஞ்சுகள் ஈரமாக நெளிந்தன. பக்கத்துக் குடிசையில் பைந்துவின் கோழி வெற்று ஓடுகளின்மேல் அடைகாத்துக்கொண்டிருந்தது. யேமா இரண்டடி பின்வாங்கினாள். ஆனாலும் ஆத்திரம்தான் ஜெயித்தது.

மதியம் மழை பிடித்தது. அவள் அடித்தாள். ஈர மண் வாசத்தோடு பச்சை ரத்த வாடை ஏறியது. பிரம்பு விழும் சத்தமும் மாறியது. கல்லில் விழும் சத்தம் இல்லை.

சதையில் விழும் சத்தம்.

கை நின்றது.

மழைக்குள் பைந்து வந்தாள். இரண்டு கையாலும் வயிற்றைத் தடவியபடி. வயிறு தட்டையாக இருந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"எங்கக்கா போச்சு? எனக்கு வலிக்கவே இல்லியே அக்கா."

யேமா கூடையைப் பார்த்தாள்.

நெல்லின்மேல் அது குப்புறக் கிடந்தது. அழவில்லை. முதுகெல்லாம் பிரம்புத் தழும்பு. மெல்லத் தலையைத் திருப்பியது. பிதுங்கிய கண். பரந்த மூக்கு.

பைந்துவை அது பார்க்கவே இல்லை. யேமாவை நோக்கிக் கையை நீட்டியது.

அவள் மார்புத்துணி பாலில் நனைந்துகொண்டிருந்தது.