பூவாடைக்காரியின் பருந்துப்பூச்சி

மலாயா, 1926. ரவாங்கில் தாலி கட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்த அன்றே புஷ்பவல்லிக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பிடிக்கவில்லை. உள்ளே கட்டைவிரல் தடிமனில் ஒரு பூச்சி, நெஞ்சில் ஊசி குத்தி, பழுப்புச் சிறகை விரித்துக் கிடந்தது.

“என்னங்க இந்தக் கருமம்?”

“பருந்துப்பூச்சி. ஆப்பிரிக்காவுல ரயில் வேல பார்த்தேன்ல, அந்தப் புல்வெளியில மட்டுந்தான் இருக்கும். அங்க சீதா சாகறப்ப அவ சேலையில உட்கார்ந்திருந்துச்சு,” என்றான் வேலாயுதம்.

சீதாலெட்சுமி அவனுடைய மூத்த தாரம். செத்து ஆறு வருடமாகிறது. ஆனால் போனவள் போனாளா? வேலை விட்டு வந்ததும் அவன் முதலில் துடைப்பது அந்தப் பெட்டியைத்தான். புதுப் பெண்டாட்டியை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அவளுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே?

தை வெள்ளிக்கிழமை, பாசாரிலிருந்து பச்சைப் பட்டு வாங்கி வந்தான். சுமங்கலியாய்ச் செத்தவள் பூவாடைக்காரி. புதுப்புடவையை அவளுக்குப் படைத்துக் கும்பிட்ட பிறகுதான் வீட்டுப் பெண் உடுத்தலாம்.

“படைக்கிறதுக்கு முன்ன தொட்டுடாத லா. மல்லிகை வாங்கிட்டு வரேன்.”

“செத்தவளுக்குப் பட்டு, இருக்கிறவளுக்குச் சீட்டியா?” என்று முணுமுணுத்தாள் புஷ்பவல்லி.

அவன் தலை மறைந்ததும் பட்டை எடுத்து உடுத்திக்கொண்டாள். பெட்டியைத் திறந்து, பூச்சியை ஊசியிலிருந்து பிடுங்கி அடுப்பில் போட்டாள். அது பொசுங்கும்வரை நின்று பார்த்தாள். தொலைந்தது சனியன்!

அந்தி மங்கியது. காய்ந்த புல் எரியும் வாசனை வந்தது. இந்தத் தண்டவாளத்து ஓரத்தில் ஏது அவ்வளவு புல்?

தோளில் ஏதோ ஊர்ந்தது.

பட்டுக்குள் படபடத்தது.

வாசலில் வேலாயுதம் மல்லிகையோடு நின்றான். அவளையே பார்த்தான். இத்தனை நாள் அவள் ஏங்கிக் கிடந்த பார்வை அது.

“சீதா...?”

‘நான் புஷ்பங்க!’ என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

“வந்துட்டேங்க,” என்றது அவள் வாய்.

நெஞ்சில் சுரீரென்று ஒன்று இறங்கியது. கத்தினாள். குரல் எழவில்லை. முன்னால் கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால், பச்சைப் பட்டுக்காரியின் கொண்டையில் வேலாயுதம் பூ வைத்துவிட்டுக்கொண்டிருந்தான்.

பட்டுக்காரி பெட்டியின் அருகே வந்தாள். முந்தானையால் மெல்லத் துடைத்தாள்.

“பாவம், இந்தப் பூச்சி இன்னும் துடிக்குதுங்க.”

அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.