முதல் கப்பல் தவளை

செவ்வாய்க் கிரகத்துச் செங்குடியில் காலையில் எழுந்ததும் முதல் வேலை, தவளையை மணிக்கட்டில் உட்கார வைத்துக்கொள்வது. பல் துலக்குவது, காப்பி எல்லாம் அதற்கப்புறம்தான். தவளை ஈர நாக்கால் தோலை ஒரு முறை தொட்டுப் பார்க்கும். சற்று நேரத்தில் அதன் கண்ணாடி வயிறு நிறம் மாறும். பச்சை என்றால் இரத்தம் நன்றாக இருக்கிறது, அன்றைய பாட்டைப் பார்க்கலாம். மஞ்சள் என்றால் மருத்துவமனைக்கு நடையைக் கட்ட வேண்டும். பதினாறு வயது ஆதிரையின் தவளை ஒரு வாரமாக மஞ்சளாக இருந்தது. அன்று காலை சிவந்துவிட்டது.

செவ்வாயில் குடியேறியவர்களைப் பிடித்த பீடைக்குத் தன்கடி நோய் என்று பெயர். வானத்திலிருந்து இறங்கும் கதிர்கள் எலும்பு மஜ்ஜையைக் குழப்பிவிடும். உடம்பைக் காக்க வேண்டிய காவல் அணுக்கள் சொந்தச் சிவப்பணுக்களையே அந்நியர் என்று எண்ணிக் கடித்துத் தின்னும். ஆள் வெளுத்து, மூச்சு வாங்கி, சில மாதங்களில் போய்ச் சேருவான்.

இதற்கும் வைத்தியம் தந்தது தவளைதான். தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் மட்டுமா உதிர்கிறது? அதன் பழைய காவல் படையும் பெருமளவு கலைந்து, புதுப் படை ஒன்று எழுகிறது. யார் நம்மவர், யார் அந்நியர் என்று அது புதிதாகக் கற்றுக்கொள்கிறது. அந்த மரபணுக்களைப் பிரித்தெடுத்து, தவளை அணுக்களிலேயே ஏற்றி, மனிதத் தோளில் தோலுக்கடியில் பொதிந்து வைக்கும் வித்தைக்கு வாலுதிர்ப்பு என்று பெயர். நோயாளியின் பழைய படை கலையும். புதுப் படை பிறக்கும் வாரங்களில் பலருடைய இரத்தத்தை அதற்கு அறிமுகம் செய்ய வேண்டும். ஊரிலுள்ள எல்லோரிடமும் ஒவ்வொரு துளி வாங்கிச் சேர்த்த ஊர்க்கலவைதான் அதற்குச் சரியான பாடம். எத்தனை விதமானவர்களைப் பார்க்கிறதோ, அத்தனைக்குப் புதுப் படை நிதானம் கற்று வளரும்.

டாக்டர் கயற்கண்ணி இதை ஆதிரையின் அப்பாவுக்கு மூன்றாவது முறையாக விளக்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரி டாக்டரம்மா. தவளையத் தாராளமா வைங்க. ஆனா இரத்தம் மட்டும் நம்ம கப்பல்காரங்களோடதா இருக்கட்டும்" என்றார் திருமேனி.

திருமேனி ஊர் அவையின் தலைவர். முதல் கப்பல், மேல்தளம், சன்னல் பக்கம். செங்குடியில் ஒருவரை அறிமுகம் செய்யும்போது இப்படித்தான் சொல்வார்கள். பூமியிலிருந்து மூன்று கப்பல்கள் வந்தன. பழைய பிரிவினைகளை எல்லாம் பூமியிலேயே விட்டுவிட்டு வந்தோம் என்று பள்ளிக்கூடத்தில் முதல் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பாடம் முடிந்ததும் முதல் கப்பல் பிள்ளைகள் ஒரு பக்கமும் மூன்றாம் கப்பல் பிள்ளைகள் இன்னொரு பக்கமும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கலியாண விளம்பரங்களில் 'சன்னல் பக்கம் மட்டும்' என்று வெட்கமில்லாமல் போடுகிறார்கள். கயற்கண்ணி மூன்றாம் கப்பல். அவள் வைத்தியம் பார்க்கலாம், அவள் இரத்தம்தான் ஆகாது.

"ஐயா, ஒரு தவளையோட மரபணுவை உங்க பொண்ணு உடம்புல வைக்கச் சம்மதிக்கிறீங்க. எதிர் வீட்டுக்காரர் இரத்தத்துல ஒரு சொட்டு ஆகாதா?"

"தவளை மருந்தும்மா. இரத்தம் வேற. நாளைக்கு அவளுக்கு ஒரு நல்லது நடக்க வேண்டாமா? சம்பந்தம் பேச வர்றவங்க கேட்பாங்கல்ல?"

"உயிரோட இருந்தாத்தானே சம்பந்தம் பேச வருவாங்க!"

திருமேனி மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். பிள்ளைக்குப் பதினெட்டு ஆகும்வரை யாருடைய இரத்தத்தை அறிமுகம் செய்வது என்பதைக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே அவருடைய அவைதான்.

கட்டிலில் கிடந்த ஆதிரை, "எனக்கு யாரோட இரத்தமா இருந்தாலும் சரி டாக்டர், சீக்கிரம் எழுந்து நடந்தாப் போதும்" என்றாள். அதை யார் கேட்டார்கள்? கயற்கண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு முதல் கப்பல் இரத்தத்தை மட்டும் வைத்து வாலுதிர்ப்பைச் செய்தாள்.

ஒரு மாதம் ஆதிரை நன்றாக இருந்தாள். தவளை பச்சை காட்டியது. திருமேனி மருத்துவமனைக்கே இனிப்பு அனுப்பினார். மூன்றாம் கப்பல் தாதிகளுக்கு மட்டும் தனிப் பொட்டலம்.

அப்புறம் மஞ்சள். பரிசோதித்துப் பார்த்த கயற்கண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். ஒரே மாதிரியான இரத்தத்தை மட்டும் பார்த்து வளர்ந்த புதுப் படை, வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளக் கற்கவே இல்லை. பெரிய வித்தியாசம் கண்ணில் படாததால் சின்ன வித்தியாசத்தைத் தேடித் தேடிக் கடித்தது. முதலில் கீழ்த்தளத்தார் கொடுத்த இரத்தத்தைத் தள்ளியது. மேல்தளத்தில் சமையற்கட்டுப் பக்கத்தாரைத் தள்ளியது. சன்னல் பக்கத்திலேயே அம்மா வழி உறவினரை ஏற்கவில்லை. திருமேனி தன் கையை நீட்டி, "என் இரத்தத்தை எடுங்க" என்றார். அதையும் அது கடித்துத் துப்பியது. கடைசியில் ஆதிரையின் சொந்த மஜ்ஜையில் போய் நின்றது. அதற்குமேல் பிரிக்க ஆள் இல்லை.

ஊர்க்கலவையை இனி ஏற்றினாலும் பயனில்லை. புதுப் படை பாடம் படிக்கும் பருவம் தாண்டிவிட்டது. இன்னொரு வாலுதிர்ப்பை அந்த உடம்பு தாங்காது. ஆதிரையால் இப்போது தலையைத் தூக்கக்கூட முடியவில்லை.

கயற்கண்ணி விடாமல் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தாள். கடைசியில் ஒன்றே ஒன்றை மட்டும் அந்தப் படை தொடவில்லை. தோளில் பொதித்த தவளையின் அணுக்களோடு சேர்ந்தே பிறந்த படை அது. தவளையைச் சொந்தம் என்று எண்ணியிருந்தது. ஆய்வுத் தொட்டியில் மனிதருக்கு ஏற்ற சிவப்பணுக்களைத் தன் மஜ்ஜையில் உண்டாக்கும் தவளைகள் இருந்தன. அந்த மஜ்ஜையை ஆதிரைக்குள் வளர்த்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள்.

"இதுதான் கடைசி வழி. நீங்க சம்மதிச்சா இப்பவே ஆரம்பிச்சுடுவேன்" என்றாள் திருமேனியிடம்.

"அப்ப அவ உடம்புல ஓடப்போறது தவளை இரத்தமா?"

"ஆமா."

"முழுக்கவா?"

"முழுக்க."

திருமேனி யோசித்தார். கண்ணாடிக்கு அப்பால் மகள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது, பொய்யழுகை இல்லை. மகள் மேல் அவருக்கு உயிர். கயற்கண்ணியால் பொறுக்க முடியாதது அதுதான். இவ்வளவு பாசத்தையும் வைத்துக்கொண்டு இந்த மனிதர் எதை யோசிக்கிறார்?

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "தப்பா நினைக்காதீங்க டாக்டரம்மா... அந்தத் தவளைங்க எந்தக் கப்பல்ல வந்துச்சு?"

கயற்கண்ணிக்கு அந்த ஆளை அப்படியே காற்றில்லாத வெளியில் தள்ளிவிடலாமா என்றிருந்தது. தவளைகள் வந்தது மூன்றாம் கப்பலில். வழியில் சூடேற்றும் கருவி பழுதானபோது முட்டைக் கலத்தைத் தன் வயிற்றோடு அணைத்து, போர்வை சுற்றிக் காப்பாற்றிக் கொண்டுவந்தவர் அவளுடைய அப்பா. இன்று செங்குடியில் உயிரோடு இருக்கிற ஒவ்வொருவரும் அந்தப் போர்வைக்குக் கடன்பட்டவர்கள். மூன்றாம் கப்பலுக்கு இருந்த ஒரே பெருமை அது; முதல் கப்பலார் அதைக் காதில் வாங்கியதே இல்லை. 'எங்க கப்பல்யா! எங்க அப்பா கொண்டு வந்தது!' என்று முகத்துக்கு நேராகக் கத்த வாய் துடித்தது. உள்ளே ஆதிரை ஒரு முறை இருமினாள்.

"முதல் கப்பல்" என்றாள் கயற்கண்ணி. "மேல்தளம். சன்னல் பக்கம்."

திருமேனி உடனே சம்மதித்தார்.

ஆதிரை பிழைத்தாள். நடந்தாள், ஓடினாள், பள்ளிக்குப் போனாள். இப்போது அவள் உடம்பில் எந்தக் கப்பல் மனிதரின் இரத்தமும் ஒரு சொட்டுக்கூட இல்லை. திருமேனியோ, செங்குடியிலேயே சுத்தமான முதல் கப்பல் இரத்தம் தன் மகளுடையது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அதோடு நிறுத்தினாரா? முதல் கப்பல் தவளைகள் கண்டவற்றோடும் கலந்துவிடக் கூடாது என்று அவையில் தீர்மானம் போட்டார். மறுநாளே ஆய்வுக்கூடத்தின் பெரிய தொட்டிக்கு நடுவில் கண்ணாடித் தடுப்பு எழுந்தது.

கயற்கண்ணி அந்தத் தடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இதைச் சொன்னால் தன் ஆட்களாவது வயிறு வலிக்கச் சிரிப்பார்கள் என்று நினைத்தாள். அன்று பகலிலேயே அவர்கள் வந்தார்கள். மூன்றாம் கப்பல்காரர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. தடுப்பு ஏன் என்றும் யாரும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் தவளை அதிகம், நம் பக்கம் குறைவு என்பதுதான் முதல் புகார். முன்னால் நின்றவள் மாசிலா. கயற்கண்ணியிடம் பல வருடமாகத் தாதியாக வேலை பார்ப்பவள், ஆதிரைக்கு இராப்பகலாகக் கஞ்சி ஊட்டியவள்.

"நம்ம தவளைய அவங்களுக்குத் தாரை வார்த்துட்டீங்களே டாக்டர்! உங்க அப்பா கட்டிப் பிடிச்சிட்டு வந்த தவளை. நம்ம கப்பலுக்குன்னு இருந்த ஒரே பேரு. அதையும் அந்த ஆளு வாயால கேட்டதும் கொடுத்துட்டீங்க."

"கொடுக்கலைன்னா அந்தப் பொண்ணு செத்திருக்கும் மாசிலா."

"அது தெரியும் டாக்டர். அதுக்காக..."

"அதுக்காக?" கயற்கண்ணியின் குரல் உயர்ந்தது. தொட்டியில் இரண்டு பக்கத்துத் தவளைகளும் சத்தத்துக்குப் பயந்து தண்ணீருக்குள் முங்கின. "சொல்லு. நீ உன் கையால கஞ்சி ஊட்டின பொண்ணு. அவ செத்திருந்தாலும் பரவாயில்லன்னு சொல்றியா?"

மாசிலா கண்ணாடித் தடுப்பைப் பார்த்தாள். யோசித்தாள்.