யுவராணிக்கு அண்ணன் இல்லை

அந்த ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லில் மழை... அபூர்வமான மழை! வேடசந்தூர் பஸ்ஸை விட்டு இறங்கி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு குடியை விடுகிறவர்கள் கூடும் சர்ச் வளாகத்துக்குள் ஓடிவந்த யுவராணி, வராந்தா திருப்பத்தில் ஒருவன் மேல் மோதினாள். அவன் கையிலிருந்த கேன் சாய்ந்து, பாதி டீ அவன் வெள்ளைச் சட்டையில் கொட்டியது.

"கண்ணு தெரியலையாங்க?"

"தெரியுது... நீங்கதான் குறுக்க வந்தீங்க."

"கொதிக்கிற டீயோட யாருங்க குறுக்க ஓடுவா?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் கண்களும் சேர்ந்து சிரித்தன. பாவி... இப்படிக் கண்களை வைத்துக்கொண்டு குடிகாரர்களுக்கு டீ ஊற்றுகிறானே என்று நினைத்தாள்.

பெயர் சடையாண்டி. நெற்றி மேலே ஏறிக்கொண்டே போகிற தலைக்கு அந்தப் பெயர் கொஞ்சம் அதிகம்தான். மார்க்கெட்டுக்குக் காய்கறி வேன் ஓட்டுகிறவன். குடியை விட்டுச் சில வருஷமாகிறது.

"குடியை விடுறதுக்குக் கூட்டம் நடக்குதுன்னாங்க..." என்று இழுத்தாள்.

"குடிக்கிறவங்க இந்த ரூமு. வீட்டு ஆளுங்க அந்த ரூமு. நீங்க அங்க போங்க. யாருக்காக வந்திருக்கீங்க?"

'எனக்காக' என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் இந்தக் கண்களில் இருக்கிற சிரிப்பு என்னவாகும்?

"அண்ணனுக்காக" என்றாள்.

அவளுக்கு அண்ணனே கிடையாது.

புருஷன் முருகன் குடித்தே செத்தான். அவன் மிச்சம் வைத்துப்போன பாட்டிலில், தூக்கம் வரட்டுமே என்று ஒரு வாய் குடித்ததுதான் ஆரம்பம். இப்போது மில்லுக்குக் கிளம்பும் முன்பே வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் கை நடுங்கி, அறுந்த நூலை முடிச்சுப் போட முடிவதில்லை. வாடையை மறைக்கக் கிராம்பை மென்று மென்று நாக்கு மரத்துவிட்டது. இப்படியே போனால் அடுத்த தீபாவளி சந்தேகம் என்று டாக்டரும் கையை விரித்துவிட்டார்.

வாரா வாரம் வந்தாள். அந்த அறையில் பெண்கள் தங்கள் புருஷன்மாரைத் திட்டித் தீர்த்தார்கள். "குடிக்கிறதெல்லாம் மனுஷ ஜென்மமா?" என்று ஒருத்தி கேட்டபோது யுவராணியும் தலையாட்டினாள். அழுதாள். "அண்ணனுக்காக இம்புட்டு அழுவுறியே தாயி" என்று அவர்களே கண்ணைத் துடைத்துவிட்டார்கள். அன்று வீட்டுக்குப் போனதும் குடித்தாள்.

கூட்டம் முடிந்தால் வராந்தாவில் டீ. அங்கேதான் சடையாண்டி நிற்பான்.

"அண்ணன் எப்படி?"

"அப்படியேதான்."

"காலையிலேயே கேக்குதா?"

"கேக்குது. கை உதறுது. செத்துரலாம்னு தோணுதாம்..."

அண்ணன் பெயரில்தான் அவளால் உண்மை பேச முடிந்தது.

"உதறுற ஆளு தானா நிறுத்தக் கூடாதுங்க. ஆஸ்பத்திரியில சேத்துத்தான் நிறுத்தணும்" என்பான் அவன், அந்த இல்லாத அண்ணனுக்காக முகம் வாடி.

ஒருநாள் டம்ளரை நீட்டியவன் கையை எடுக்கவில்லை.

"உங்க வீட்டுக்கு வாரேன். அண்ணன்கிட்ட ரெண்டு விஷயம் பேசணும்."

"ஒண்ணு குடியைப் பத்தி. ரெண்டாவது?"

"ரெண்டாவது... நீங்கதான்."

உடம்பெல்லாம் சிலிர்த்தது. முருகன் போன பிறகு அவளை யாரும் இப்படிப் பார்த்ததில்லை. அடுத்த நொடியே பயம் வந்தது. வீட்டுக்கு வந்தால் எந்த அண்ணனைக் காட்டுவாள்? அண்ணன் செத்துவிட்டான் என்று சொல்லிவிடலாமா? பிறகு கட்டிக்கொண்டு, இவன் வீட்டில் எந்த மூலையில் பாட்டிலை ஒளிப்பாள்? சொன்னால் இவன் போய்விடுவான். சொல்லாவிட்டால் அவளே போய்விடுவாள்.

"எனக்கு அண்ணன் இல்ல" என்றாள். "குடிக்கிறது நான்தான்."

அவன் கண்களிலிருந்த சிரிப்பு போய்விட்டது. அவள் பயந்த மாதிரியே போய்விட்டது.

"அந்த ரூமுக்கு உங்களை அனுப்பினது நான்" என்றான். "பொம்பளைன்னதும் கேக்கக்கூடத் தோணலையே எனக்கு..."

போனை எடுத்து யாரிடமோ பேசிவிட்டு வந்தான்.

"மதுரையில ஐரின் அக்கான்னு ஒருத்தவங்க. அவங்களும் குடிச்சவங்கதான். பொம்பளைங்களுக்குன்னே கூட்டம் நடத்துறாங்க. முதல்ல ஆஸ்பத்திரியில சேப்பாங்க. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல வந்து நிப்பாங்க, இப்பவே கிளம்புங்க."

"நீங்க?"

"நான் வரல."

அம்புட்டுத்தான்... முடிந்துவிட்டது. யார்தான் குடிகாரியைக் கட்டுவார்கள்? தலையை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, மதுரை வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அவன் பின்னாலேயே வந்து ஜன்னலோரம் நின்றான்.

"நான் எங்கம்மாவுக்காக விட்டேன். அம்மா போனதும் திரும்பக் குடிச்சேன். அப்புறம் எனக்காக விட்டதுதான் நின்னுச்சு. நீ எனக்காக விட்டா, என் மேல கோவம் வர்ற அன்னைக்குக் குடிச்சிருவ. நல்லா ஆகுறவரைக்கும் நான் உன் கண்ணுலயே படக் கூடாது."

'நீ' என்று சொன்னதை அவன் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

"காத்திருப்பீங்களா?"

"இன்னைக்குக் குடிக்க மாட்டேன்னு மட்டும்தான் என்னால சொல்ல முடியும். அதுக்கு மேல எது சொன்னாலும் பொய்யி, யுவராணி."

வண்டி நகர்ந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவனும் கூடவே நடந்தான்.

"உன்னைப் பிடிச்சிருக்கு... குடிக்கிற உன்னையுந்தான்!"

கம்பியிலிருந்து அவன் கை நழுவியது. எல்லாம் தெரிந்து ஒருவன் அப்படிச் சொன்னது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சொன்னவன் பின்னால் சிறுத்துக்கொண்டே போனான். வாய்விட்டு அழுதாள். பக்கத்து சீட்டுக்காரி விலகி உட்கார்ந்தாள்.

சின்னாளபட்டி பிரிவில் வண்டி நின்றது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பிராந்திக் கடை திறந்திருந்தது. கை உதறத் தொடங்கியது. முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் விசில் கொடுத்து வண்டி கிளம்பியது; அவள் எழுந்திருக்கவில்லை.