சூடு ஆகாத மீன்கள்

ஹாலில் இருந்தவர்கள்...

தரையில் ஒரு பிணம். அதன் மனைவி. அதன் தம்பி. ஓர் இன்ஸ்பெக்டர். கண்ணாடித் தொட்டிக்குள் ஐந்து மீன்கள்.

மீன்கள் மட்டும்தான் யார் மேலும் பழி போடவில்லை!

"அண்ணிதான் சார்!" தம்பி அலறினான். "தொட்டியில ஹீட்டர் போட்டதே இவங்கதான்! வயரைப் பாருங்க... பிளேடால சீவியிருக்கு! அண்ணன் தொட்டதும் ஷாக் தூக்கி அடிச்சிருக்கு!"

இன்ஸ்பெக்டர் அவளிடம் திரும்பினார்.

"ஹீட்டர் உங்களுதாம்மா?"

"இல்ல."

"பொய் சார்! மாசக்கணக்கா தொட்டியில கிடக்கு, நானே பார்த்திருக்கேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வருதா பாருங்க!"

"அழுதா விட்டுடுவாரா?"

"வாய் மட்டும் குறையல!"

"ஏன் குறையணும்? போனது புருஷன். வாய் இங்கதான் இருக்கு!"

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"மிச்சத்தை ஸ்டேஷன்ல பேசிக்கலாம். கிளம்பும்மா."

 அவள் தொட்டியைக் காட்டினாள்.

"வர்றேன். முதல்ல தொட்டியில கையை விடுங்க."

"என்னது?"

"பயப்படாதீங்க. ஹீட்டர் ப்ளக்கை நீங்கதானே பிடுங்கினீங்க!"

விட்டார்... வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஐஸா இருக்கு!"

தொட்டிக்கு அடியிலிருந்த மரக்கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

"சில்லர். தண்ணியைக் குளிர வைக்கிற மெஷின். இதுங்க ஆழ்கடல் மீன் சார். வெளிச்சம் ஆகாது. சூடு ஆகவே ஆகாது. கடையில பளபளன்னு எத்தனையோ இருந்துச்சு. இருட்டுல தைரியமா வாழற ஜாதியா பார்த்து நான்தான் பொறுக்கினேன். மாசக்கணக்கா ஹீட்டர் ஓடியிருந்தா... அஞ்சும் என்னைக்கோ வெந்திருக்கும்!"

அவள் தம்பியிடம் திரும்பினாள்.

"நீ பார்த்தது பழைய தொட்டிடா! அதுலதான் ஹீட்டர் இருந்துச்சு. வருஷக்கணக்கா நீ இந்த வீட்டுப் படி ஏறல. நேத்துதான் வந்தே... வீட்டை வித்துப் பங்கு குடுன்னு. முடியாதுன்னார். அண்ணனும் சாகணும், நானும் உள்ள போகணும்... பழைய ஞாபகத்துல ஹீட்டரைப் போட்டுட்டே! மீன் செத்துடுமேன்னு அதைப் பிடுங்கத்தான் அவர் கையை வச்சிருக்கார்!"

தம்பி வாசலுக்குப் பாய்ந்தான்.

வெளியே காவலுக்கு நின்ற கான்ஸ்டபிளின் தொப்பையில் மோதி விழுந்தான்!

'க்ளிக்!'

அவளுக்காக எடுத்த விலங்கு அவன் கைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

ஸ்டேஷன். அவள் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தாள். லாக்கப் கதவு அறைந்து மூடியது. பூட்டு விழுந்தது.

"சார்... உள்ள ஒரே இருட்டு! குளிருது சார்!"

அவள் கம்பிக்கு அருகில் போய் நின்றாள்.

"ஏன்டா... ஹீட்டர் கொண்டு வரலியா?"