ஹேண்ட் பிரேக் இல்லாத ஜீப்

ஜெசிந்தாவுக்கு எதைக் கண்டாலும் பயம். பல்லி பயம், இடி பயம், பக்கத்து வீட்டுச் சேவல் பயம். கணக்கு டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால்கூடப் பயம்.

ஆனால் இத்தனை பயங்களுக்கும் தலைவர் ஒருவர் இருந்தார். அவர் வேறு எங்கும் இல்லை, வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அதுதான் அப்பாவின் ஜீப்.

அது ரொம்பப் பழைய ஜீப். அப்பா ஆரோக்கியராஜைவிட அதற்கு வயது கூடுதல் என்று அம்மா சொல்வாள். மழைக்காலத்தில் அவர்கள் ஊரான கிளியனூரைச் சுற்றியிருக்கும் கொல்லைக்காட்டு வழியெல்லாம் ஒரே சேறாகிவிடும். மற்ற வண்டிகள் சேற்றில் மாட்டிக்கொண்டு முழிக்கும். இந்த ஜீப் மட்டும் உறுமிக்கொண்டே போய், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்துவிடும். அதனால் அப்பாவுக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம்.

அதை எந்த மெக்கானிக்கிடமும் அவர் விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து வந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜீப்புக்கு அடியில் படுத்துவிடுவார். சாப்பிடக் கூப்பிட்டால் வெளியே தெரிகிற இரண்டு கால்களும் ஆடும். உள்ளேயிருந்து, "தோ வர்றேன்!" என்று குரல் வரும். ஆள் வரமாட்டார்.

அந்த ஜீப்புக்கு இரண்டு கெட்ட பழக்கங்கள் இருந்தன.

சாவியைத் திருகினால் ஸ்டார்ட் ஆகாது. சரிவில் உருட்டி விட்டால்தான் அதற்கு உயிர் வரும். அதனால் எங்கே போனாலும் அப்பா ஒரு மேட்டைத் தேடிப்பிடித்து, ஜீப்பின் மூக்கு கீழே பார்க்கும்படி நிறுத்துவார்.

ஆனால் சரிவில் நிறுத்தினால் அது நிற்காது. அதுதான் இரண்டாவது பழக்கம். ஹேண்ட் பிரேக் கம்பி எப்போதோ அறுந்துபோய்விட்டது. கியரில் போட்டுவைத்தாலும் நைசாகக் கழன்றுகொள்ளும்.

நீங்களே சொல்லுங்கள், இப்படி ஒரு வண்டியை எப்படி நிறுத்துவது?

கட்டை போட்டுத்தான். அப்பா காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டு, "கட்டை!" என்று கத்துவார். ஜெசிந்தா பின்னாலிருந்து குதித்து ஓடி, முன்சக்கரத்துக்குக் கீழே ஒரு புளியங்கட்டையைச் செருகுவாள். பிறகுதான் அப்பா காலை எடுப்பார்.

கட்டை போட்ட பிறகும் அவளுக்கு மனசு ஆறாது. குனிந்து பார்ப்பாள். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து, மறுபடியும் பார்ப்பாள்.

"ஏம்பா, முதல்ல ஹேண்ட் பிரேக்கப் போடேன்" என்று வாரம் தவறாமல் சொல்வாள்.

"அடுத்த வாரம் போட்றலாம்மா" என்பார் அப்பா.

அடுத்த வாரம் புது ஹாரன் வந்தது. அதற்கடுத்த வாரம் சீட்டுக்குச் சிவப்பு உறை வந்தது. ஹேண்ட் பிரேக் மட்டும் வரவேயில்லை.

டிசம்பர் மாதம் பிறந்தது. டிராக்டர் ஓட்டும் குமரேசன் மாமா, திண்டிவனத்திலிருந்து நான்கு பெரிய டயர்களைக் கொண்டுவந்து இறக்கினார். அப்பாவும் மாமாவும் சேர்ந்து ஸ்ப்ரிங் பட்டைகளைக் கூட்டி, ஜீப்பை உயரமாக்கினார்கள். பிறகு புது டயர்களை மாட்டினார்கள். சாயங்காலம் பார்த்தால், ஜீப் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

"இன்னாங்க இது, ஏணி வெச்சாத்தான் ஏற முடியும் போலிருக்கே!" என்றாள் அம்மா.

நாலு வயதுத் தம்பி அன்புச்செல்வனுக்கோ தலைகால் புரியவில்லை. "நம்ம வண்டி யானை ஆயிடுச்சு!" என்று குதித்தான்.

ஜெசிந்தா மட்டும் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டையை வைத்துப் பார்த்தாள்.

"அப்பா, கட்டை சின்னதாயிடுச்சுப்பா."

அப்பாவும் குமரேசன் மாமாவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"கட்டை எப்டிம்மா சின்னதாவும்? டயருதான் பெருசாயிருக்கு!" என்றார் அப்பா.

அதைத்தான் அவளும் சொன்னாள். ஆனால் சிரிக்கிறவர்களிடம் எப்படி விளக்குவது?

மறுநாள் கிறிஸ்துமஸ் குடில் கட்ட ஏரிக் களிமண் எடுக்கக் குடும்பத்தோடு கிளம்பினார்கள். அவர்கள் ஊரில் குடிலுக்கான ஆடு, மாடு, ஒட்டகம் எல்லாம் களிமண்ணில்தான் செய்வார்கள். நடந்தே போகக்கூடிய தூரம்தான். ஆனால் புது டயரின் பெருமையை ஏரிக்கரையில் ஏற்றிக் காட்டாவிட்டால் அப்பாவுக்குத் தூக்கம் வராதே! குமரேசன் மாமாவும் கூட ஏறிக்கொண்டார்.

ஜீப் கரைமேல் ஜம்மென்று ஏறியது. அப்பா அதைத் திருப்பி, வழக்கம்போல மூக்கு கீழே பார்க்கும்படி சரிவில் நிறுத்தினார்.

"கட்டை!"

ஜெசிந்தா குதித்து ஓடிக் கட்டையைச் செருகினாள். நிமிர்ந்து சரிவின் அடிவாரத்தைப் பார்த்தாள்.

சரிவு முடிகிற இடத்தில் ஒரு கொல்லை. கொல்லைக்கு நடுவில், ஜீப்புக்கு நேர் எதிரே, ஒரு பெரிய கிணறு. சுற்றிலும் சுவர் கிடையாது. பெய்த மழையில் கிணறு நிரம்பி, தண்ணீர் கறுப்பாகத் தளும்பிக்கொண்டிருந்தது.

"அப்பா, இங்க வேணாம்பா. பயமா இருக்கு."

"உனக்கு எதுதான் பயமில்ல? வா, வந்து கூடையப் புடி."

"நான் வண்டியிலயே இருக்கேன்!" என்றான் அன்பு. ஓட்டுநர் சீட்டில் ஏறி நின்று, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். "நான் யானை ஓட்டப் போறேன்!"

"சரி, இவன் ஓட்டட்டும். அப்போ நீ தம்பியப் பாத்துக்க. நாங்க ஜல்தியா வந்துர்றோம்" என்று ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டு, அப்பா மண்வெட்டியோடு கரையைத் தாண்டி ஏரிப் பக்கம் இறங்கினார். அம்மாவும் மாமாவும் கூடைகளோடு பின்னால் போனார்கள். மூன்று பேரின் தலையும் கரைக்கு அந்தப் பக்கம் மறைந்தது.

"டுர்ர்ர்ர்!" என்று அன்பு வண்டி ஓட்டினான். சீட்டில் குதித்தான். அவன் குதிக்கும்போதெல்லாம் ஜீப்பின் ஸ்ப்ரிங் கிறீச் கிறீச்சென்று முனகியது.

ஜெசிந்தா குனிந்து கட்டையைப் பார்த்தாள்.

தரை ஈரமாக இருந்தது. பெரிய டயர் மேலிருந்து அழுத்த அழுத்த, கட்டை சேற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சற்று முன் முழுதாகத் தெரிந்தது, இப்போது பாதிதான் தெரிந்தது.

"அப்பா!" என்று கத்தினாள். பக்கத்துக் கொல்லையில் பம்புசெட் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

ஓடிப்போய் அப்பாவைக் கூப்பிடலாமா? அதற்குள் வண்டி உருண்டுவிட்டால்? உள்ளே அன்பு இருக்கிறானே! எதிரே கிணறு இருக்கிறதே!

சுற்றிலும் கல்லைத் தேடினாள். ஒரே ஒரு கல் கிடைத்தது. அதைச் சக்கரத்துக்குக் கீழே தள்ளினாள். கல்லும் சேற்றில் அமுங்கிப்போனது. ஓவென்று அழவேண்டும்போல இருந்தது.

"அன்பு, குதிக்காத! எறங்கி வா!"

"மாட்டேன் போ! யானை ஓடிக்கினு இருக்கு!"

அவள் எட்டி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் ஸ்டியரிங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கால்களை உதைத்தான். ஜீப் ஆடியது. டயர் கட்டையின்மேல் கொஞ்சம் ஏறியது. ஜெசிந்தா சட்டென்று கையை விட்டுவிட்டாள்.

இழுத்தால் உதைப்பான். திட்டினால் இன்னும் குதிப்பான். தம்பியைப் பற்றி அவளுக்குத் தெரியாதா என்ன?

அவள் மூச்சை இழுத்துப் பிடித்தாள். பிறகு உண்மையையே சொன்னாள்.

"அன்பு, அக்காவுக்கு ரொம்பப் பயமா இருக்குடா."

அன்பு டுர்ரென்பதை நிறுத்தினான்.

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும். கைய பாரு, எப்டி நடுங்குதுன்னு. நீதானே பயமே இல்லாத பையன்? மெதுவா வந்து என் கையப் புடிச்சிக்கிறியா?"

நடுங்கும் கையை நீட்டினாள். அது நடிப்பில்லை. நிஜமாகவே நடுங்கியது.

அன்பு அந்தக் கையைப் பார்த்தான். அவன் முகம் பெரிய மனிதர் முகமாக மாறியது.

"அழுவாதக்கா. நான் வர்றேன்" என்றான்.

"மெதுவா. குதிக்காம வா. பூனை மாதிரி."

அவன் ஸ்டியரிங்கை விட்டான். சீட்டிலிருந்து பூனை மாதிரியே ஊர்ந்து ஓரத்துக்கு வந்தான். ஜீப் உயரமாகிவிட்டதால் அவன் கால் தரைக்கு எட்டவில்லை. ஜெசிந்தா இரண்டு கைகளையும் உயர்த்தி, அவனை அப்படியே வாரி எடுத்தாள். எடுத்த வேகத்தில் நாலடி தள்ளிப்போய்ப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"ப்ளக்" என்று ஒரு சத்தம் கேட்டது.

கட்டை முழுதாகச் சேற்றுக்குள் போனது. டயர் அதன்மேல் ஏறி இறங்கியது. ஜீப் முதலில் மெதுவாகத்தான் நகர்ந்தது, தூக்கக் கலக்கத்தில் நடக்கிற மாடு மாதிரி. பிறகு சரிவு அதை இழுத்துக்கொண்டது. தடதடவென்று உருண்டு, வரப்பில் ஏறி, மல்லாட்டைக் கொல்லைக்குள் பாய்ந்தது.

அந்தச் சத்தம் பம்புசெட்டையும் மீறி ஏரிப் பக்கம் கேட்டுவிட்டது. அப்பா கரைமேல் ஓடிவந்தார். அவர் கண்ணில் ஜீப் மட்டும்தான் பட்டது.

"அன்பூ! ஐயோ, அன்பூ!"

ஜெசிந்தா அவரைக் கூப்பிட வாயைத் திறந்தாள். பயத்தில் குரலே வரவில்லை. அப்பா அவர்களைத் தாண்டிச் சரிவில் தலைதெறிக்க ஓடினார். செருப்பு ஒருபுறம் பறந்தது.

கிணற்று விளிம்பில் ஜீப் மடாரென்று நின்றது. அதன் வயிறு கிணற்றோர மண்மேட்டில் இடித்து உட்கார்ந்துகொண்டது. ஒரு முன்சக்கரம் தண்ணீருக்கு மேலே, அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்பா ஜீப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். சீட் காலியாக இருந்தது. அவர் கிணற்றைப் பார்த்தார். சட்டையைக் கழற்றிக் குதிக்கத் தயாரானார்.

"அப்பா!" என்று கணீரென அன்புவின் குரல் கேட்டது. "எங்கப்பா போற? நாங்க இங்க இருக்கோம்!"

அப்பா திரும்பினார்.

சரிவில், புல்மேல், அக்காவும் தம்பியும் கைகோர்த்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அதற்குள் ஓடிவந்து இரண்டு பேரையும் சேர்த்து அணைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

அப்பா மேலே ஏறி வந்தார். வந்தவர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அவர் உடம்பு முழுக்க நடுங்கியது. அப்பா நடுங்கி ஜெசிந்தா பார்த்ததே இல்லை.

"நீ சொன்னியேம்மா" என்றார். "நேத்தே சொன்னியே. நான்தானே கேக்காம சிரிச்சிக்கினு இருந்தேன்." சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதார்.

"அக்காவுக்கு ரொம்பப் பயம்பா" என்று அன்பு விளக்கினான். "அதான் நான் கையப் புடிச்சிக்கினேன். நான்தான் காப்பாத்தினேன்."

ஜெசிந்தாவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது.

"ஆமாம்பா, அன்புதான் வந்து என் கையப் புடிச்சிக்கினான்" என்றாள்.

குமரேசன் மாமா டிராக்டரைக் கொண்டுவந்து, கயிறு கட்டி ஜீப்பை இழுத்தார். அன்றைக்கு வீட்டுக்கு எல்லோரும் நடந்தே வந்தார்கள். "டயர நான்தான் கொண்டாந்தேன்" என்று மாமா வழிநெடுகச் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், அப்பா லுங்கியை மடித்துக் கட்டினார். ஆனால் ஜீப்புக்கு அடியில் படுக்கவில்லை. முற்றத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, ஜெசிந்தாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் கையில் புது ஹேண்ட் பிரேக் கம்பி இருந்தது.

"இதத்தான் மொதல்ல மாட்டப் போறேன். நீ சொல்லும்மா, இந்த வண்டியில உனக்கு இன்னும் எதெல்லாம் பயமா இருக்கு?"

ஜெசிந்தா தயங்கினாள். "நெறைய இருக்கேப்பா. நீ சிரிப்ப."

"சிரிக்க மாட்டேன். ஒண்ணுவிடாம சொல்லு."

ஜெசிந்தா தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். அப்பா ஸ்பானரை எடுத்தார்.