வாத்தியாரம்மா காத்த வாக்கு

"இந்த வீட்டுல அவளுக்கு விளக்கு ஏத்தக் கூடாது! சொல்லிட்டேன்!"

விடிந்தும் விடியாததுமாக முருகையா போட்ட சத்தம் தோட்டத் தொழிலாளர் லயத்தின் கடைசி வீடு வரைக்கும் கேட்டது. அடுப்படியில் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி மருதம்மாள் பதறிப்போய் எழுந்து வந்தாள்.

"பதினாறாம் நாளுங்க... செத்தவ மேல இன்னும் என்ன கோவம்?"

"எந் தம்பி பிச்சையை சயாமுக்குத் தொரத்துனவடி அவ! ஜப்பான்காரன் ரயில் ரோட்டுக்கு ஆள் கேட்டா, அவன் எதுக்குத் தானாப் போயி லாரியில ஏறினான்? பொண்டாட்டி வாய் தாங்காமத்தான? அவன் கெளம்புற நேரத்துல ஊரான் புருசன் மூஞ்சியை எல்லாம் உக்காந்து வரைஞ்சவளுக்குப் படையலா?"

சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் புஷ்பவள்ளி. பிச்சையின் ஒரே மகள், பதினெட்டு வயது. இதே வார்த்தைகளை அவள் அம்மா அழகம்மா இரண்டு வருடம் தினமும் கேட்டாள். கேட்டுவிட்டு, இதே முருகையாவின் ஐந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவாள்.

மலாயாவில் கோலா கெத்தில் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்துக்கே அவள்தான் வாத்தியாரம்மா. சிலேட்டு கிடைக்காமல் போனதும் பிள்ளைகளை மணலில் உட்கார்த்தி, விரலைப் பிடித்து எழுத வைத்தாள். படம் வரைவதிலும் அந்தக் கை தேர்ந்த கை. சயாம் லாரி வருவதற்கு மூன்று நாள் முன்னால் பெண்கள் அவளிடம் அழுதுகொண்டு வந்தார்கள். "மொகத்தைப் பாக்க ஒரு போட்டோ கூட இல்லையே வாத்தியாரம்மா..." பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில், அடுப்புக்கரியால், முப்பத்திநாலு பேரை வரைந்தாள் அழகம்மா. விழுந்த முன்பல்லை மறைத்து வரையச் சொன்னான், அவர்களில் ஒருவனான இருளப்பன். "ஒம் புள்ள தேடப்போறது இந்தச் சிரிப்பத்தான்யா!" என்று அதட்டிவிட்டு அப்படியே வரைந்தாள்.

மருந்து கிடைக்காத மலேரியா பதினாறு நாளுக்கு முன் அவளைக் கொண்டுபோய்விட்டது.

வாசலில் காலடிச் சத்தம். லயத்துப் பெண்கள் வந்து நின்றார்கள். ஒவ்வொருத்தி கையிலும் துணியில் சுற்றிய ஒரு படம். அவர்களுக்குப் பின்னால், தோட்டத்துக் கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி அருளம்பலம். முருகையா வாசலை மறித்தார்.

"எல்லாரும் போங்கலா! இங்க ஒண்ணும் கெடையாது!"

"பெரியப்பா, நகருங்க."

"என்னடி சொன்ன?"

"நகருங்கன்னு சொன்னேன்!" புஷ்பவள்ளி வாசலுக்கு வந்து அவர் எதிரே நின்றாள். "வெளிய சொல்லக் கூடாதுன்னு எங்க ரெண்டு பேருகிட்டயும் அப்பா சத்தியம் வாங்கிட்டுப் போனாரு. அம்மா சாகுற வரைக்கும் காப்பாத்திட்டாங்க. நான் காப்பாத்த மாட்டேன்! சயாமுக்கு ஆள் எடுத்த லிஸ்டுல இருந்தது அப்பா பேரு இல்ல பெரியப்பா... ஒங்க பேரு!"

"பொய்...!"

"'அண்ணன் அஞ்சு புள்ளக்காரரு, தெரிஞ்சா போவ விடமாட்டாரு'ன்னு அப்பா சொன்னாரு. அம்மா ஒரு வார்த்தை தடுக்கல. கிராணியாரு நிக்கிறாரே, கேளுங்க!"

அருளம்பலம் தலையைக் குனிந்துகொண்டார். "ஓம் முருகையா... பட்டியலில உம்மட பேர்தான் கிடந்தது. தம்பிக்காரன் வந்து அழுதான். நான்தான் மாத்தி எழுதினனான்."

முருகையா வாசற்படியிலேயே உட்கார்ந்தார். "ஐயோ... ரெண்டு வருசம்! நான் ஏசின ஏச்சுக்கெல்லாம் ஒரு பதில் சொல்லலையே அந்த மகராசி..." என்று முகத்தில் அறைந்துகொண்டார்.

மருதம்மாள் அவரைத் தாங்கப் போனாள். புஷ்பவள்ளி தடுத்தாள்.

"இங்க உக்காந்து அழுதா யாருக்குக் கேக்கும் பெரியப்பா? லயமே கேக்கத்தான ஏசினீங்க? அதே சத்தத்துல இப்பச் சொல்லுங்க. 'அவ'ன்னு இல்ல... அம்மா பேரைச் சொல்லிச் சொல்லுங்க!"

முருகையா தூணைப் பிடித்து எழுந்தார். பெண்களைத் தாண்டி, லயத்து நடுமுற்றத்தில் போய் நின்றார்.

"எந் தம்பி பொண்டாட்டி அழகம்மா... எம் பேருக்குத் தாம் புருசனைக் குடுத்தவ! நான் பேசினதெல்லாம் பொய்! வாத்தியாரம்மா மேல ஒரு குத்தமும் இல்ல!"

தொண்டை கிழியக் கத்தினார். இருளப்பன் மனைவி வாய்விட்டு அழுதாள்.

பதினாறு நாளும் அழாத புஷ்பவள்ளி அப்போதுதான் உடைந்தாள். மருதம்மாள் ஓடி வந்து அவளை மார்போடு சேர்த்துக்கொண்டாள். "எங் கண்ணே... என் வீட்டு விளக்கு அணையாம இருக்கத்தானடி ஒங்கம்மா தன்னை எரிச்சுக்கிட்டா!"

அவள் தோளிலிருந்து தலையைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் புஷ்பவள்ளி.

"வாங்க பெரியப்பா. அம்மாவுக்கு நீங்கதான் மொதல்ல விளக்கு ஏத்தணும். நாளைக்குக் காலையில புள்ளைங்க அஞ்சு பேரையும் அனுப்பி வைங்க... பள்ளிக்கூடத்தை இனி நான் நடத்துறேன்."